முதலில் சூடு, அப்புறம் தீனி

மே மாதம் 20-ஆம் தேதி வாக்கில் தென்மேற்குப் பருவமழை அந்தமான் கடலைத் தொட்டுவிட்டதாகச் செய்தியில் சொல்வார்கள். மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு, கேரளத்துக்கு எப்போது மழை வரும் என்று கணக்குப் போட அது உதவும். இங்கே அந்தமானில், புரோத்ராபூரில் கோழிக்குஞ்சு வளர்க்கிற என்னைப் போன்றவர்களுக்கோ குஞ்சுக்குச் சூடு தரும் புரூடர் பல்பு, பழைய சாக்கு, தார்ப்பாய், ஜெனரேட்டருக்கு டீசல் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டிய நாள் அது. அன்று தொடங்கி டிசம்பர் வரைக்கும் எனக்கு எதிரி குளிர்.

அந்தமானில் ஏது குளிர் என்று ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். போர்ட் பிளேர் பக்கத்தில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்கிறார்கள்) மழை கொட்டுகிற இரவில்கூட 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்க வேலையே இல்லை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் பெய்கிற மழையும், அதனோடு வரும் கடல்காற்றும் சேர்ந்தால் எங்களுக்குச் சுகமான தூக்கம். அதே இரவில் என் கொட்டகையில் ஒரு நாள் குஞ்சு விறைத்துச் சாகும். குளிர் என்பது தெர்மாமீட்டரில் இருக்கும் எண் இல்லை. யாருக்கு என்பதுதான் கேள்வி.

நான் நடத்துவதற்கு மதர் யூனிட் என்று பெயர். பொரித்த ஒரு நாள் குஞ்சுகளை வாங்கி, நாலைந்து வாரம் காப்பாற்றி, இறக்கை முளைத்த பிறகு வீட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் கொடுப்பது தொழில். பக்கத்து ஊரான கராச்சர்மாவில் 1978 முதல் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் (இப்போது மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிறது. நிக்கோபாரிக் கோழியைக் காப்பாற்றிப் பரப்பியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. குட்டைக் காலோடு தரையை ஒட்டி நடக்கும் அந்தக் கோழியைத் தேடி இன்றைக்கும் ஆள் வருவார்கள். மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் அட்டைப்பெட்டியில் வரும் வனராஜா போன்ற ரகங்களும் என் கொட்டகைக்கு வரும். பறந்து வருகிற குஞ்சு வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வைத்து இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கும். அந்த இருப்புத் தீர்வதற்குள் அது தின்னக் கற்றுக்கொள்ள வேண்டும். அங்கேதான் என் வேலை தொடங்குகிறது.

வளர்ந்த கோழியின் உடல்சூடு 41 டிகிரிக்கு மேல். பொரித்த குஞ்சுக்கு அதைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவு. அந்தச் சூட்டையும் தானாகக் காத்துக்கொள்ள முதல் பத்து நாளுக்கு அதற்குத் தெரியாது. மேலே இருப்பது பஞ்சு மாதிரித் தூவி, இறகு இல்லை. சுற்றியுள்ள காற்று என்ன சூடோ அதை நோக்கி உடம்பும் இறங்கும். அதனால்தான் முதல் வாரம் குஞ்சு நிற்கும் உயரத்தில் 34, 35 டிகிரி வைத்து, வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு போகிறோம். மழை இரவின் 24 டிகிரிக்கும் அந்த 34 டிகிரிக்கும் நடுவில் இருக்கும் பத்து டிகிரியை நான் கரண்டாகவோ கரியாகவோ காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அதில் ஈரமும் சேர்ந்தால் கணக்கு தலைகீழ். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். குஞ்சின் எடையே 40 கிராம்தான். அந்த வெப்பம் முழுவதையும் குஞ்சின் உடம்பே கொடுக்க வேண்டியிருந்தால் அதன் சூடு 15 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். நடப்பில் ஒரு பங்கைக் காற்று கொடுக்கும், குஞ்சும் கொஞ்சம் சூடு உண்டாக்கும், அதனால் அவ்வளவு இறங்காது. ஆனாலும் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒருமுறை விழுந்து எழுந்த குஞ்சு ஏன் பிழைப்பதில்லை என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். கிண்ணத்தில் நான் கூழாங்கல் போடுவது அழகுக்காக இல்லை.

இனி தீனிக்கு வருகிறேன். குளிர்ந்தால் பசிக்கும் என்று எல்லோரும் நம்புகிறோம். ஊட்டிக்குப் போனால் இரண்டு பரோட்டா கூடச் சாப்பிடுகிறோம். பெரிய கோழியும் அப்படித்தான். மழை பிடித்த வாரத்தில் என் தாய்க்கோழிகள் தீவனத்தை வேகமாகக் காலி செய்யும்; வெயில் ஏறிய ஏப்ரலில் தட்டில் மிச்சம் வைக்கும். தின்னும் தீனி செரிக்கும்போதே சூடு பிறக்கும் என்பதால், குளிரில் தின்பது அதற்கு லாபம், வெயிலில் நஷ்டம். 1948-இல் ஜான் புரோபெக் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் இதை ஒரு கொள்கையாகவே எழுதிவிட்டார்: உடம்பு குளிராமல் இருக்க விலங்கு தின்கிறது, சூடு மிஞ்சாமல் இருக்கத் தின்பதை நிறுத்துகிறது. பசியின் முழுக்கதையும் அது இல்லை என்று பின்னால் வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். கோழிக்கொட்டகையில் நின்று பார்த்தால் பாதிக்கு மேல் சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரியில்லாத மிச்சம் என் புரூடருக்குள் இருக்கிறது. குளிர்ந்த குஞ்சு தின்பதில்லை. தீவனத் தட்டு அரை அடி தள்ளி இருக்கும். குஞ்சு அங்கே போகாது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவியலாக நிற்கும், அடியில் இருப்பது நசுங்கும். கீச்சுக் கீச்சென்று கூர்மையாக, இடைவிடாமல் ஒரு சத்தம் வரும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் அதைப் பசி என்று நினைத்துத் தீவனத்தை அள்ளிக் கொட்டுவார்கள். சூடு போதாத குஞ்சுக்கு எவ்வளவு கொட்டினாலும் தட்டு நிறைந்தே கிடக்கும். தட்டை நகர்த்தாமல் பல்பை ஒரு சாண் இறக்கினால் கொஞ்ச நேரத்தில் குவியல் கலையும், இரண்டு மூன்று குஞ்சு தட்டுப் பக்கம் நடக்கும். பசி அப்போதுதான் வரும்.

இதைச் சோதிக்கக் கருவி ஒன்றும் பெரிதாக வேண்டாம். குஞ்சின் பாதத்தை என் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் தரை குளிர்ந்திருக்கிறது, கூளத்தை மாற்று. சாயங்காலம் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். குஞ்சு வந்து எட்டு மணி நேரத்தில் பத்துக்கு எட்டு குஞ்சுக்காவது பை நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும். மறுநாள் அதே நேரத்துக்குக் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும். பை கெட்டியாக இருந்தால் தின்றிருக்கிறது, குடிக்கவில்லை. காலியாக இருந்தால் முதலில் பல்பைப் பார், பிறகு தண்ணீரை, கடைசியில்தான் தீவனத்தைக் குறை சொல். முதல் தண்ணீரை வெதுவெதுப்பாகக் கருப்பட்டி கரைத்துத்தான் வைப்பேன். தொட்டித் தண்ணீரை அப்படியே வைத்தால் குடிக்கிற ஒவ்வொரு வாயும் அதன் வயிற்றைக் குளிர வைக்கும்.

கூளத்துக்கு சாத்தாம் மர அறுப்பாலையின் தூள் நன்றாக இருக்கும். 1883-லிருந்து அறுக்கிற ஆலை அது, படாக் மரத்தின் சிவப்புத் தூள் கிடைக்கும். முதல் மூன்று நாள் அதன்மேல் செய்தித்தாள் விரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் தீவனம் என்று தூளைக் கொத்தித் தின்றுவிடும். பல்பு விஷயத்தில்தான் காலம் எங்களை ஏமாற்றியது. குண்டு பல்பு இருந்தவரை குஞ்சுக்கு 2 வாட், 50 குஞ்சுக்கு 100 வாட் பல்பு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடுவோம். எல்.இ.டி. வந்தது, வெளிச்சம் உண்டு, சூடு இல்லை. கடைக்காரர் நல்லெண்ணத்தோடு "இதுல கரண்டு மிச்சம்ணே" என்று கொடுப்பார். அந்த மிச்சமாகிற கரண்டுதான் எனக்கு வேண்டிய சூடு. இப்போது செராமிக் ஹீட்டரும் சிவப்பு பல்பும் மெயின்லேண்டிலிருந்து வரவழைக்கிறோம். கப்பல் தாமதமானால் கரி அடுப்புத்தான். கரி என்றால் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் மூடிப் புகையில் மொத்தக் குஞ்சையும் இழந்தவர்கள் உண்டு. இரவில் கரண்டு போய் ஜெனரேட்டரும் கைவிட்டால், வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணி சுற்றி நடுவில் படுக்க வைப்பது. குஞ்சுகள் அதில் ஒட்டிக்கொள்ளும், விடியும்வரை சமாளிக்கலாம்.

கோழியோடு நின்றிருந்தால் இந்தப் பாடம் எனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். மீதியைப் பன்றிதான் காட்டியது.

இங்கே ராஞ்சிக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் சோட்டா நாக்பூர்க் குடும்பங்கள் பன்றி வளர்ப்பதில் கைதேர்ந்தவர்கள். குட்டி போடும் இரவில் என்னையும் கூப்பிடுவார்கள். "பையா, பல்பு கொண்டு வாங்க" என்றுதான் அழைப்பே வரும். ஒரே பட்டியில் அங்கே இரண்டு தட்பவெப்பம் இருக்கும். தாய்ப்பன்றி 18, 20 டிகிரியில் சுகமாக இருக்கும் பிராணி. வியர்வை கிட்டத்தட்ட இல்லை. நம் 28, 30 டிகிரியில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், பால் கொடுக்க வேண்டிய நாளில் தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது. அதன் மடிக்குக் கீழே கிடக்கும் குட்டிக்கு 34 டிகிரி வேண்டும். நனைந்து பிறந்து, முதல் அரை மணியில் இரண்டு டிகிரிக்கு மேல் சூட்டை இழந்து, நடுங்கி, முலையைத் தேடாமல் தாயின் விலாவோடு ஒண்டும். தாய் புரண்டால் நசுங்கும். தாய் தின்ன மறுப்பது சூட்டால், குட்டி குடிக்க மறுப்பது குளிரால். பட்டி ஒன்று, வானிலை ஒன்று, மறுப்பு ஒன்று, காரணம் நேர் எதிர். இதைப் பார்த்த பிறகு "தீனி எடுக்கலை" என்று யார் வந்து சொன்னாலும் எந்த வயது, நனைந்திருக்கிறதா என்று கேட்காமல் நான் வாய் திறப்பதில்லை.

பன்றிக்குட்டிக்கு மட்டும் ஏன் இந்தக் கொடுமை என்று கால்நடை மருத்துவம் படித்த ஒருவரிடம் கேட்டேன். ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி, மனிதக் குழந்தை எல்லாம் உடம்பில் பழுப்புக் கொழுப்போடு பிறக்கின்றன. நடுங்காமலேயே அதை எரித்துச் சூடு உண்டாக்கும். பன்றிக்கு அது இல்லை. அந்தக் கொழுப்பை எரிக்கத் தேவையான மரபணு சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பன்றி இனத்தில் கெட்டுப்போய்விட்டது என்று 2006-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே பன்றிக்குட்டிக்கு இருப்பது நடுக்கமும், தசையிலும் ஈரலிலும் இருக்கிற கொஞ்சம் சர்க்கரையும்தான். சீம்பால் உள்ளே போகாவிட்டால் ஒரு நாளைக்குள் அதுவும் தீரும். காட்டுப்பன்றி குட்டி போடுமுன் புல்லையும் இலையையும் குவித்துக் கூடு கட்டுவதன் அருமை இதைக் கேட்டபின்தான் எனக்கு விளங்கியது. சிமெண்ட் தரையில் கட்டிப்போட்ட வீட்டுப்பன்றியும் அந்த நாளில் காலால் தரையைச் சுரண்டும். வைக்கோலோ உலர்ந்த புல்லோ போட்டால் வாயில் கவ்வி அடுக்கும். அதைப் போடாமல் பல்பு மட்டும் மாட்டுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். பிறந்ததும் சாக்கால் துடை. ஒரு மூலையில் மரப்பெட்டி, அதில் வைக்கோல், மேலே பல்பு. தாய் நுழைய முடியாத அளவுக்கு வாசல். சூடேறிய குட்டியை எடுத்து மடியில் விடு. தாய்க்கு விடிகாலையிலும் இரவிலும் தீவனம், நடுப்பகலில் தண்ணீர் தெளிப்பு, கொஞ்சம் தேங்காய்ப் பூவைக் கூட்டிக் கொடு. கொழுப்பு செரிக்கும்போது பிறக்கும் சூடு புரதத்தைவிடக் குறைவு. நிக்கோபாரிகள் தலைமுறை தலைமுறையாகப் பன்றிக்குத் தேங்காய் போடுகிறார்கள். கைக்கு எட்டுவது அது என்பதால்தான் போட்டிருப்பார்கள். ஆனால் வெக்கையான தீவில் அதைவிடப் பொருத்தமான தீவனம் எது என்று தெரியவில்லை.

சுண்டெலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு சில ஆண்டுகளுக்கு முன் படிக்கக் கிடைத்தது. கலிபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2023-இல் வெளியிட்டது. 23 டிகிரியில் இருந்த எலிகளை 4 டிகிரிக்குக் கொண்டுபோனபோது அவை உடனே தீனியைத் தேடவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரம் அடங்கிக் கிடந்தன. அதற்குப் பிறகுதான் எழுந்து தீனிக்கு அலைந்தன. மூளையின் நடுவே ஒரு சின்ன நரம்புத் தொகுதி அந்த அலைச்சலைத் தொடக்கி வைக்கிறது என்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்த ஆறு மணி நேரம். குளிர் என்றதும் பசி என்பது வளர்ந்த எலிக்குக்கூட நேர்கோடு இல்லை. முதலில் அடக்கம், பிறகு தேடல். காத்திருக்கக் கையிருப்பு உள்ள உடம்புக்கு அது கட்டும். 40 கிராம் குஞ்சுக்கும் ஒரு கிலோப் பன்றிக்குட்டிக்கும் அந்த ஆறு மணி நேரத்துக்கு இருப்பு ஏது? அடங்கிக் கிடக்கிற கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன.

அதே படிப்பில் தெரிந்த இன்னொன்று: ஆய்வகங்களில் எலியை வைக்கும் 22 டிகிரி அறையே எலிக்குக் குளிர். அதற்கு உண்மையில் இதமானது 30 டிகிரி. 22-இல் அது தின்பதில் பெரும்பங்கை உடம்பைச் சூடாக வைக்கவே செலவழிக்கிறது. ஸ்வெட்டர் தேவையில்லாத எங்கள் மழை இரவு ஒரு எலிக்குப் போர்வை கேட்கும் இரவு. உடம்பு சிறியதாக ஆக, எடையோடு பார்த்தால் தோலின் பரப்பு கூடுகிறது. சூடு வெளியேற வழி கூடுகிறது. என் வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைத்ததே இல்லை.

ஆடு வேறு மாதிரி. வயிறு நிறைந்த ஆடு உள்ளே அடுப்பு வைத்திருக்கிறது. அசைபோடும் வயிற்றில் தழை புளிக்கும்போது பிறக்கும் சூடே அதற்குப் போதும். சிக்கல் என்னவென்றால் ஆட்டுக்கு மழை பிடிக்காது. தூறல் விழுந்ததும் கொட்டகைக்கு ஓடி வந்துவிடும், மேய்ச்சல் நின்றுவிடும், அடுப்பு அணைந்துவிடும். மூன்று நாள் விடாமல் பெய்தால் கத்திக்கொண்டே மெலியும். பலா இலை, சுபாபுல், முருங்கைக் கிளை என்று வெட்டி உலர வைத்துக் கட்டித் தொங்கவிடுகிறவன் ஆடு பிழைக்கும். பரண் கொட்டகை ஈரத்துக்கு நல்லது, ஆனால் பலகை இடுக்கு வழியாக அடியிலிருந்து வரும் காற்று பிறந்த குட்டியை விறைக்க வைக்கும். குட்டி இருக்கும் மூலையில் சாக்கு விரிக்க வேண்டும்.

ஆட்டுக்குட்டி விஷயத்தில்தான் என் "முதலில் சூடு" என்கிற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பக்கத்துத் தெருப் பெரியம்மா ஒருமுறை மழையில் குட்டியை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, பால் குடிக்க மாட்டேங்குது. வாயைத் திறந்து ஊத்திப் பாக்கட்டுமா?"

"வேண்டாம் பெரியம்மா. வாய்க்குள்ள விரலை விட்டுப் பாருங்க, சப்புதா?"

"இல்லப்பா. வாயே ஜில்லுனு இருக்கு."

"எப்பப் போட்டுச்சு?"

"நேத்து ராத்திரி."

சப்பாத குட்டிக்கு ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போகும். தெர்மாமீட்டர் வைத்தேன்; மனிதர்களுக்கான பாதரசத் தெர்மாமீட்டர் 35-இல்தான் தொடங்கும், பாதரசம் அசையவே இல்லை. நல்ல குட்டிக்கு 39 இருக்க வேண்டும். பிறந்து ஐந்து மணி நேரத்துக்குள் என்றால் துடைத்து, சூடேற்றி, சீம்பால் கொடுத்தால் எழுந்துவிடும். அதைத் தாண்டி, 37-க்கும் கீழே இறங்கிய குட்டியின் பழுப்புக் கொழுப்பும் சர்க்கரையும் தீர்ந்திருக்கும். அதை வெறுமனே சூடேற்றினால் மூளை விழித்துச் சர்க்கரை கேட்கும், ரத்தத்தில் இருக்காது, இழுப்பு வந்து செத்துப்போகும். அப்படிப்பட்ட குட்டிக்கு முதலில் குளுக்கோஸ் ஊசி, அதுவும் வயிற்றறைக்குள், மருத்துவர் கையால், அப்புறம் சூடு, சப்பத் தொடங்கிய பிறகு பால், எடைக் கிலோவுக்கு ஒரு வேளைக்கு 50 மில்லி அளவில். பெரியம்மாவை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினேன். குட்டி பிழைத்தது, இப்போது என் வேலி முருங்கையைத் தின்கிறது.

நடுங்குவதெல்லாம் குளிரும் இல்லை. காய்ச்சல் கண்ட ஆடும் நடுங்கும், அதுவும் தின்னாது. அதற்கு உடம்புச்சூடு 41 காட்டும். அதன்மேல் சாக்குப் போர்த்திப் பல்பு மாட்டுவது கொலை. ஆகவே கை வைத்துப் பார்த்து முடிவு கட்டாமல் அளந்து பார்ப்பது நல்லது. மழையில் பட்டியில் இறங்குகிற நமக்கும் நடுக்கம் வந்தால் இது பொருந்தும். எலிக்காய்ச்சல் இந்தத் தீவுகளை விட்டுப் போகாத நோய். 80-களின் கடைசியில் இங்கே பரவிய காய்ச்சலுக்கு அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றே பெயர் வைத்து, பிறகுதான் அது எலிக்காய்ச்சல் என்று கண்டார்கள். பன்றிப் பட்டிச் சேற்றில் வெறுங்காலோடு இறங்குகிறவரைப் பார்த்தால் குட்டியைவிட அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இத்தனை பல்பும் டீசலும் இல்லாமல் இந்த வேலையை ஒரு அடைக்கோழி செய்துவிடுகிறது. நிக்கோபாரி அடைக்கோழி ஒன்றின் அடியில் ராத்திரி இருட்டில் பத்துப் பன்னிரண்டு ஒரு நாள் குஞ்சை நுழைத்துவிட்டால் காலையில் தன் குஞ்சு என்று ஏற்றுக்கொள்ளும். குஞ்சு வெளியே வந்து சில நிமிடம் கொத்தும், குளிர் ஏறியதும் தாயின் அடிக்கு ஓடும், சூடானதும் மறுபடி வரும். மழை பெய்தால் கொத்துவது குறையும், ஒண்டுவது கூடும். என் புரூடரில் இரவு பகல் எரிகிற வெளிச்சத்தில் குஞ்சுக்கு இந்த ஏற்ற இறக்கமே கிடையாது. அதனால் சமீபமாக வெளிச்சம் வராத ஹீட்டரைத் தாழ்வான பலகைக்கு அடியில் பொருத்தி, ஓரத்தில் பழைய கம்பளியைக் கீற்றுக் கீற்றாக வெட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். உள்ளே இருட்டும் சூடும், வெளியே வெளிச்சமும் தீவனமும். நான்காம் வாரத்தில் எடை போடும்போது குஞ்சுகள் ஒன்றுக்கொன்று அவ்வளவாக வித்தியாசப்படுவதில்லை. கரண்டுச் செலவும் குறைந்திருக்கிறது. கம்பளியை வாரம் ஒருமுறை துவைத்துக் காயவைக்க வேண்டும், ஜூலையில் அதற்கு வெயில் கிடைப்பதுதான் இப்போதைய பாடு. இரண்டு செட் கம்பளி தைத்து வைத்திருக்கிறேன்.